அண்ணன் கேட்காத ஹலால்

அந்தத் தொடரின் பெயர் மறந்துவிட்டது. மறந்துவிட்டது என்பதைவிட, ஞாபகம் வைத்துக்கொள்ளப் பிடிக்கவில்லை என்பதுதான் நிஜம். 2005இல் சனிக்கிழமை காலைகளில் தமிழ் பேசிக்கொண்டு வந்த வெளிநாட்டுத் தொடர் அது. பெரிய விண்கலம் ஒன்று, அதற்குள் பளபளவென்று உடை போட்ட ஆட்கள். "தளபதி அவர்களே, நமது ஆற்றல் குறைந்துகொண்டிருக்கிறது" என்று மேடையில் ஏறியவர்கள் போலப் பேசுவார்கள். வாயை மூடிய பிறகும் வசனம் ஓடும். வீட்டில் உட்கார்ந்து பார்த்திருந்தால் டிவியை அணைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பேன். ஆனால் நான் அதைப் பார்த்தது பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் வார்டில், என் அண்ணனின் ரத்தம் குழாய் வழியாக மெஷினுக்குப் போய் மறுபடி அவன் கைக்குள் திரும்பிக்கொண்டிருந்தபோது.

அண்ணன் துபாயில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தான். கால் வீங்கி, முகம் உப்பித் திரும்பி வந்தான். இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். அப்போது அவனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அத்தாவுக்கு மரக்காணத்தில் குத்தகைக்கு எடுத்த உப்பளம் இருந்தது. கோடைக்காலத்தில் அவரைப் பாத்தியிலிருந்து கிளப்ப முடியாது. அம்மாவுக்குச் சர்க்கரை, பஸ்ஸில் ஏறினாலே மயக்கம் வரும். நான் கடைத்தெருவில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை எனக்கு லீவு என்பதால் அன்றைய முறைக்கு அண்ணனை அழைத்துப்போகும் வேலை தங்கச்சி என் தலையில் விழுந்தது. நான்கு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பது எனக்கு ஆகாத காரியம். காலை ஆட்டுவேன், எழுந்து நடப்பேன், நர்ஸிடம் திட்டு வாங்கிக்கொண்டு திரும்ப உட்காருவேன்.

அண்ணனின் இடது பக்கத்துக் கட்டிலில் ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். வலது பக்கத்தில் அனுமந்தையிலிருந்து வரும் மீனவர் ஒருவர், நாற்பது வயதிருக்கும். மூன்று பேருக்கும் எதிரே சுவரில் டிவி. மூன்று பேருக்கும் அந்தத் தொடர் என்றால் உயிர். சேனலை மாற்றினால் ஹெட்மாஸ்டர் கட்டிலிலிருந்தே அதட்டுவார்.

கதை இதுதான். விண்கலம் ஒரு புது உலகத்தைத் தேடிப் போகிறது. போய்ச் சேர முந்நூறு வருஷம் ஆகும். அதுவரை மேல்தளத்துக்காரர்கள் சாகாமல் இருக்க ஆயுள் அறை என்று ஒன்று. அதில் ஒரு மெஷின். கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் வந்து படுப்பார்கள். அவர்கள் ஆயுளில் சில வருஷங்களை மெஷின் எடுத்து மேலே இருப்பவர்களுக்குக் கொடுக்கும். யாரும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. படுத்தால் பிள்ளைகளுக்கு மேல்தளத்தில் இடம் கிடைக்கும், அவ்வளவுதான். வாங்கினவனுக்கு யாருடைய வருஷம் என்று தெரியாது. அந்தக் கப்பலின் டாக்டரம்மா ஒருநாள் கீழே இறங்கி, இருபது வயதில் தலை நரைத்துப்போன ஒரு பெண்ணைப் பார்த்துவிடுகிறாள். அங்கிருந்துதான் வம்பு ஆரம்பம்.

அந்தப் பெண்ணிடம் டாக்டரம்மா என்ன கேட்கப்போகிறாள் என்ற இடத்தில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் டெக்னீஷியன் பெண் ஓடிவந்து, மெஷினின் பக்கவாட்டில் இருந்த பிடியைக் கையால் சுற்றினாள். ரத்தம் குழாயில் உறையக்கூடாதாம். நானும் அண்ணனின் மெஷினைச் சுற்றினேன். என் கை நின்றால் அவன் ரத்தம் நிற்கும் என்ற பயத்தில் தோள்பட்டை கழன்றுபோகிற அளவுக்குச் சுற்றினேன். ஜெனரேட்டர் வந்தது. மெஷின்களுக்கு மட்டும்தான், டிவிக்குக் கிடையாது. இனி மிச்சக் கதையை அவர்களே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

"இஷ்டப்பட்டுத்தானே படுக்குதுங்க. இதுல என்ன தப்பு?" என்றார் மீனவர்.

"இஷ்டம்னா, மாட்டேன்னு சொல்றதுக்கும் ஒரு வழி இருக்கணுங்க. அந்தப் பொண்ணுக்கு வழி எங்க இருக்குது? பிள்ளையக் காட்டித்தானே படுக்க வைக்கிறானுங்க!" என்றார் ஹெட்மாஸ்டர்.

மீனவர் சிரித்தார். "அது சரிதான். கடல் உள்ள வந்துட்டுப் போனப்புறம் எங்க கேம்ப்புக்கு ஒருத்தன் வந்தான் சார். கிட்னி குடுத்தா வூடு கட்டிக்கலாம், போட் வாங்கிக்கலாம்னு ஒவ்வொரு கொட்டாயாப் போய்க் கேட்டான். எங்கிட்டயும் கேட்டான். நான் கைய நீட்டி இந்த ஊசித் தழும்பக் காட்டினேன். ஏம்பா, உங்கிட்ட எக்ஸ்ட்ரா இருந்தா எனக்கு ஒண்ணு குடுத்துட்டுப் போன்னு சொன்னேன். ஓடியே பூட்டான்."

வார்டே சிரித்தது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அவனுடைய ஊசி போட்ட கையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். அந்தக் கையில் நரம்பைச் சேர்த்துத் தைத்த இடத்தில் விரலை வைத்தால், டப்பாவில் அடைத்த குளவி மாதிரி விர்ரென்று அதிரும்.

அவன் சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. முந்தின வாரம்தான் மாமா எங்கள் வீட்டுக்கு வந்து, கிட்னி கொடுக்க ஆள் பார்த்துத் தருகிறேன், எல்லாம் நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். எங்கிருந்து ஆள் பார்ப்பார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே அண்ணன் சொன்னான்: "மாமாவ வேணாம்னு சொல்லிடு. அது கீழ்த்தளம்."

"சரி, அது வேணாம். நான் இருக்கேன்ல?" என்றேன்.

வீட்டில் யார் கிட்னி பொருந்தும் என்கிற பரிசோதனை முடிந்திருந்தது. அத்தாவுக்கு ரத்தக் கொதிப்பு, அம்மாவுக்குச் சர்க்கரை, இரண்டு பேரையும் கழித்துவிட்டார்கள். எனக்கு எல்லாம் பொருந்தியது. அந்தச் செய்தி வந்த நாளில் எனக்குப் பரீட்சையில் பாஸானது போல இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அண்ணன் ஒரே பிடியாக மாட்டேன் என்றான். எனக்கு அப்போது விழுப்புரத்தில் ஒரு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். விஷயம் எப்படியோ அவர்கள் காதுக்கு எட்டி, பையனுக்கு இப்போது கல்யாணம் வேண்டாமாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், போனால் போகட்டும், ஒரு கிட்னிக்குப் பயப்படுகிறவன் எனக்கு எதற்கு என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

அண்ணனுக்கு அது இன்னும் வசதியாகப் போயிற்று. "பாத்தியா? நான் இன்னும் வாங்கவே இல்ல, அதுக்குள்ள உன் ஹயாத்துல ஒரு துண்டு போயிடுச்சு" என்றான். ஹயாத் என்றால் ஆயுள். எங்கள் வீடுகளில் வாழ்த்தும்போது அல்லாஹ் ஹயாத்தை நீட்டட்டும் என்போம். எங்கிருந்து எடுத்து நீட்டுவான் என்று யாரும் கேட்பதில்லை. இவன் கேட்டான். அந்தப் பாழாய்ப்போன தொடர்தான் அவனைக் கெடுத்தது என்று எனக்கு ஒரே எரிச்சல்.

கடைசியில் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டான். கூடாது என்று அவர் வாயால் சொல்லிவிட்டால் என் வாயை அடைத்துவிடலாம் என்ற நினைப்பு. ஹஜ்ரத் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குடுக்கறவங்களுக்கு ஆபத்து இல்லேன்னு டாக்டர் சொல்லணும், அவங்க மனசாரக் குடுக்கணும், விலை பேசக் கூடாது. அப்படி இருந்தா அது பெரிய நன்மை தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அண்ணனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! விளக்கெண்ணெய் குடித்தவன் மாதிரி வந்தான்.

இப்படி நாங்கள் தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்த மாதங்களில், அடுப்படியில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது.

முதல் நாளே டாக்டர் உப்பை நிறுத்தச் சொல்லியிருந்தார். அத்தா அதைக் கேட்டுத் தலையை ஆட்டி, "நான் அப்பவே நெனச்சேன். துபாய்ல பாக்கெட் உப்பத் தின்னு தின்னுதான் இப்படி ஆயிருக்குது" என்றார். எங்கள் பக்கத்து உப்பளக்காரர்களுக்குக் கடையில் விற்கிற பொடி உப்பைக் கண்டாலே ஆகாது. அதில் மருந்து கலக்கிறான், மெஷினில் போட்டுச் சாகடிக்கிறான் என்பார்கள். பாத்தியில் வெயில் குடித்து விளைந்து, வாரி எடுத்து, வீட்டுப் பானையில் கொட்டி வைக்கிற கல்லுப்பை அவர்கள் உப்பு என்ற கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அது அரிசி மாதிரி, தண்ணி மாதிரி. டாக்டர் நிறுத்தச் சொன்னது அந்த உப்பைத்தான் என்று எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எக்செல் கற்றுக்கொடுக்கிற எனக்கும் தோன்றவில்லை. தண்ணீரை மட்டும் அளந்து கொடுத்தோம். அவன் தாகம் தாங்காமல் ஐஸ் கட்டியை வாயில் போட்டு உருட்டிக்கொண்டே இருப்பான். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் ஏன் இவ்வளவு எடை ஏறுகிறது, உப்பு சேர்க்கிறீர்களா என்று டாக்டர் கேட்டபோதெல்லாம், "பாக்கெட் உப்பத் தொடறதே இல்ல டாக்டர்" என்று பெருமையாகச் சொன்னவள் நான்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அத்தா பள்ளிவாசலிலிருந்து வருவதற்குள் அண்ணனுக்கு மூச்சு முட்டியது. படுத்தால் முடியவில்லை, உட்கார்ந்தாலும் முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகாத நாள், மறுநாள்தான் முறை. உப்பு மூட்டை ஏற்றுகிற மினி வேனில் அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஈ.சி.ஆரில் பறந்தோம். தொண்டையில் கொப்புளித்துக்கொண்டே தண்ணீருக்குள் மூச்சு விடுகிறவன் மாதிரி ஒரு சத்தம் அவனிடமிருந்து வந்தது. அனுமந்தை தாண்டி, காலாப்பட்டு தாண்டி, வழியெல்லாம் நான் டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவர் பாவம், இன்னும் வேகமாக ஓட்ட அந்த வண்டியால் முடியாது.

அப்போதுதான் அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தான். நகம் பதிகிற அளவுக்குப் பிடித்தான்.

"குடுத்துடு" என்றான். "எனக்குச் சாகப் பயமா இருக்குது. குடுத்துடு."

கீழ்த்தளம், மேல்தளம், என் கல்யாணம், என் ஹயாத்து எல்லாம் அந்த ஒரு சொல்லில் காணாமல் போயின. நான் சரி, சரி என்று சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பயம் வந்தது. அதுவரை ஆபரேஷனை நினைத்து எனக்குப் பயம் வந்ததே இல்லை. அவன் மாட்டேன் என்று சொன்ன தைரியத்தில்தான் நான் தருகிறேன், தருகிறேன் என்று இத்தனை நாள் கத்தினேனோ என்று தோன்றியது. அவன் கேட்டுவிட்டான். இனிமேல் அது பேச்சில்லை, கத்தி.

டயாலிசிஸ் போட்டு, நுரையீரலில் கட்டின நீரை இழுத்து, அவனுக்கு மூச்சு வந்தது. டாக்டர் எங்கள் அம்மாவைக் கூப்பிட்டு மத்தியானம் என்ன சாப்பிட்டான் என்றார்.

"நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு, டாக்டர். ஆசப்பட்டுக் கேட்டான். ஆனா பாக்கெட் உப்பு ஒரு சிட்டிககூட இல்ல."

"பின்ன என்ன உப்பும்மா?"

"நம்ம பாத்தி உப்புதான்."

டாக்டர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை. எந்த உப்பும் கூடாது, உங்கள் உப்பு, கடை உப்பு, கருவாட்டு உப்பு எல்லாம் ஒன்றுதான் என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். வீட்டுக்குப் போனதும் அத்தா உப்புப் பானையைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பாத்தியிலேயே கொட்டிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நான்கு பேருக்கும் உப்பில்லாத ஒரே சப்புச் சோறுதான். நான் வாய்க்குள் வைக்கும்போதெல்லாம் முகத்தைச் சுளித்துக்கொண்டே தின்றேன்.

அடுத்த மாதம் சென்னை ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அங்கே ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு டாக்டரம்மா என்னை மட்டும் தனியாக ஒரு ரூமுக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்கள்.

"வீட்ல யாராவது கட்டாயப்படுத்தறாங்களாம்மா?"

"இல்லைங்க."

"உனக்கு வேணாம்னா எங்கிட்ட மட்டும் சொல்லு. உன் உடம்பு ஒத்துக்கலைன்னு நாங்க சொல்லிடுவோம். உங்கண்ணனுக்கோ உங்க அம்மாவுக்கோ கடைசி வரைக்கும் தெரியாது."

நான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஹெட்மாஸ்டர் கேட்டாரே, மாட்டேன்னு சொல்ல அந்தப் பொண்ணுக்கு வழி எங்க இருக்குதுன்னு. எனக்கு வழி இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. காலை ஆட்டவில்லை, எழுந்து நடக்கவில்லை, அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. மாட்டேன் என்று சொல்லலாம் என்பது நிச்சயமான பிறகு, மெல்ல மெல்லப் பயம் இறங்கியது. வேனில் சொன்ன சரி அவன் பிடியில் வந்தது. இப்போது சொல்லப்போவதுதான் என்னுடையது.

"குடுக்கறேங்க" என்றேன். "சீக்கிரம் முடிங்க. எனக்குக் காத்திருக்கறது ஆகாது."

அந்தத் தொடர் என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. கப்பலின் டாக்டரம்மா ஆயுள் அறையின் சாவியைக் கையில் எடுத்த இடத்தில் சேனல்காரன் நிறுத்திவிட்டு, அந்த நேரத்துக்குச் சமையல் நிகழ்ச்சியைப் போட்டுவிட்டான். ஹெட்மாஸ்டர் போன் பண்ணிச் சொன்னார். மூன்று பேரில் அவருக்குத்தான் கோபம் அதிகம்.

ஆபரேஷன் அன்று காலையில் எங்கள் ஜனம் முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றது. ஹஜ்ஜுக்குப் போகும்போதும், திரும்புவோமா தெரியாது என்கிற எந்தப் பயணத்துக்கு முன்னாலும் எங்களில் ஒரு வழக்கம் உண்டு. உங்கள் கையால் தின்றதை, உங்களுக்குச் செய்த தப்பை, பேசின பேச்சை எல்லாம் பொறுத்து எனக்கு ஹலால் ஆக்கிவிடுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்கிக்கொண்டு போவது. ஒருத்தருடைய பாக்கியோடு மௌத்தாகக்கூடாது, சாகக்கூடாது. அண்ணன் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி அம்மாவிடம் கேட்டான். அத்தாவிடம் கேட்டான், அத்தா அவன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். மாமாவிடம்கூடக் கேட்டான். அடுத்த ஸ்ட்ரெச்சரில் பச்சை கவுனோடு படுத்திருந்த என்னிடம் மட்டும் கேட்கவில்லை.

எனக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. "ஏன், எங்கிட்ட கேட்டா கொறஞ்சு பூடுவியா? உனக்குக் கிட்னி குடுக்கறவ நானு!"

"உங்கிட்ட கேக்க மாட்டேன்" என்றான்.

"ஏன்?"

"கேட்டா நீ ஹலால்னு சொல்லிடுவ. அதோட எல்லாம் தீந்துடும். அந்தக் கப்பல்ல மேல இருக்கறவன் பண்ணான் பாரு, வாங்கினான், குடுத்தவ மொகத்தக்கூடப் பாக்காம போய்ட்டான். நான் அப்படிப் போகல. உன் பாக்கி அப்படியே இருக்கட்டும். பாக்கி வெச்சுட்டு மௌத்தாகக் கூடாது இல்ல? அப்ப நான் எழுந்து வந்துதானே ஆகணும்?"

என் ஸ்ட்ரெச்சரைத்தான் முதலில் தள்ளினார்கள்.

அவன் எழுந்து வந்தான். என் கிட்னி அவனுக்குள் முதல் நாளே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. நர்ஸ் மூத்திரப் பையைத் தூக்கிக் காட்டியபோது அம்மா அதைப் பார்த்து, அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாக அழுதாள். அவனுக்குக் கல்யாணம் ஆனது, பெண் குழந்தைகள் பிறந்தன. எனக்கும் ஆனது. பேச்சு வந்த அன்றே தழும்பைப் பற்றிச் சொல்லிவிட்டேன், அவர் அதனால் என்ன என்று கேட்டார். ஒவ்வொரு பெருநாளும் தொழுகை முடிந்து எங்கள் வீட்டில் எல்லாரும் எல்லாரிடமும் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்போம். அண்ணன் எல்லாரையும் கட்டிப்பிடித்துக் கேட்டுவிட்டு, என்னிடம் வந்ததும், "உங்கிட்ட இல்ல" என்று சிரித்துவிட்டுப் போவான். முதலில் சில வருஷம் எனக்கு அது வேடிக்கை. பிறகு, அவன் வாயைத் திறப்பதற்குள் அடுப்படிக்குப் போய்விடுவது என் வழக்கமாகிவிட்டது. எங்கே கேட்டுப் பாக்கியைத் தீர்த்துவிடுவானோ என்றிருக்கும்.

போன வாரம் அண்ணனின் ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வந்தது. கிரியாட்டினின் ஏறியிருக்கிறது. கொடுத்த கிட்னிக்கும் வயசு உண்டு, இத்தனை வருஷம் ஓடியதே பெரிது என்று டாக்டர் சொன்னாராம். நேற்று மத்தியானம் அண்ணன் போன் பண்ணினான். மூச்சு விட்டு விட்டுப் பேசினான். அம்மா எப்படி இருக்காங்க, மழை உண்டா என்று ஏதேதோ கேட்டான்.

"உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்மா. ரொம்ப நாளா கேக்காம வெச்சிருக்கேன்" என்றான்.

"சரியாக் கேக்கல, இங்க சிக்னலே இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அதிலிருந்து போன் அடித்துக்கொண்டேதான் இருக்கிறது. நான் எடுக்கவில்லை.